பெரிய எஸ்யூவி வாங்குமுன் டேப்பைக் கையில் எடுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு, குடியிருப்பாளர் ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)

காபி ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

நம் வளாகத்தில் சில வீடுகளில் இப்போது பெரிய எஸ்யூவி பேச்சு நடக்கிறது. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7, ஆடி க்யூ7, வால்வோ எக்ஸ்சி90, ரேஞ்ச் ரோவர் என்று லிஃப்டிலேயே பெயர்கள் காதில் விழுகின்றன. வண்டி வந்து நின்ற பிறகு பார்க்கிங்கில் மனஸ்தாபம் வருவதைவிட, வாங்கும் முன்பே ஒரு முறை பேசிவிடலாமே என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் இந்த அரைமணி நேரம்.

"எனக்கு அப்படி ஒரு வண்டி வாங்கும் எண்ணமே இல்லை, நான் ஏன் கேட்க வேண்டும்?" என்று சிலர் நினைக்கலாம். பக்கத்துப் பார்க்கிங்கில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றால் உங்கள் கதவு திறக்குமா, ராம்பில் எதிரே அது வந்தால் யார் பின்வாங்குவது, சாயங்காலம் சைக்கிள் ஓட்டும் குழந்தை அந்த டிரைவரின் கண்ணுக்குத் தெரியுமா என்பதெல்லாம் உங்கள் விஷயமும்தான். அடுக்குமாடியில் ஒருவர் வாங்கும் வண்டியோடு அத்தனை வீடும் சேர்ந்து வாழ வேண்டியிருக்கிறது.

எது சிறந்த வண்டி என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொன்ன ஐந்துமே நல்ல வண்டிகள். எந்த வரிசையில் யோசித்து முடிவெடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். ஷோரூமில் நம்மை அழைத்துப் போகும் வரிசை ஒன்று உண்டு. முதலில் இன்ஜின், அப்புறம் நிறம், அப்புறம் டாப் வேரியண்ட், அப்புறம் கடன், கடைசியில் டெலிவரி தேதி. வண்டி எங்கே நிற்கும், யார் உட்காருவார்கள் என்ற கேள்விகள் அந்த வரிசையில் வருவதேயில்லை. நாம் அங்கிருந்து ஆரம்பிப்போம். முதலில் இடம், அடுத்து ஆட்கள், அதற்கும் பிறகுதான் வேரியண்ட்.

ஐந்து மீட்டர் கட்டம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, ஒரு கார் பார்க்கிங் குறைந்தது 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். பெரும்பாலான பில்டர்கள் சரியாக அந்த அளவுக்கே கோடு போடுகிறார்கள்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். இனோவா ஹைகிராஸின் நீளம் சுமார் 4.75 மீட்டர். ஃபார்ச்சூனர் கிட்டத்தட்ட 4.8. இரண்டும் கட்டத்துக்குள் அடங்கும். வால்வோ எக்ஸ்சி90 சுமார் 4.95 மீட்டர், அதுவும் நூலிழையில் அடங்கும். ஆடி க்யூ7 ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. எக்ஸ்7 சுமார் 5.18 மீட்டர். ஜிஎல்எஸ் 5.2 மீட்டர். ரேஞ்ச் ரோவரில் சாதாரண வீல்பேஸ் 5.05, நீண்ட வீல்பேஸ் 5.25 மீட்டர்.

அதாவது, இந்தப் பெரிய வண்டிகளில் சில, சுவரை ஒட்டி நிறுத்தினாலும் கோட்டைத் தாண்டி ஒரு சாணாவது வெளியே நிற்கும். யாரும் பின்பக்கத்தைச் சுவரில் இடித்து நிறுத்துவதில்லை. ஓர் அடி இடம் விடுவோம். டிக்கியைத் திறக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆக, நடைமுறையில் ஒன்றரை, இரண்டு அடி பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையில்தான் எதிர் வரிசைக்காரர் தன் காரைத் திருப்பி எடுக்க வேண்டும்.

அகலத்திலும் இதே கதை. எக்ஸ்7-இன் அகலம் 2 மீட்டர். இரண்டரை மீட்டர் கட்டத்தின் நடுவில் நிறுத்தினால் இருபுறமும் 25 சென்டிமீட்டர்தான் மிச்சம். அந்த இடைவெளியில் பெரியவர் ஒருவர் இறங்க முடியாது. பக்கத்து வண்டியும் தன் கட்டத்தின் நடுவில் ஒழுங்காக நின்றால்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் கதவைத் திறக்கலாம். ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தப் பக்கக் கதவை மறந்துவிடுங்கள்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன், இரும்புக் கடைகளில் கிடைக்கும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். ஐந்து விஷயங்களை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் கட்டத்தின் நீளம், தூணுக்குத் தூண் உள்ள உண்மையான அகலம், கட்டத்துக்கு முன்னால் உள்ள பாதையின் அகலம், தலைக்கு மேல் மிகத் தாழ்வாக ஓடும் குழாயோ உத்திரமோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, ராம்பின் வளைவில் மிகக் குறுகலான இடம். எக்ஸ்7-இன் உயரம் 1.83 மீட்டருக்கு மேல், ரேஞ்ச் ரோவர் அதைவிடச் சற்று உயரம். தலைமேல் இடம் பொதுவாகப் போதும். ஆனால் கூரையில் கேரியர் மாட்டினால் கணக்கு மாறும்.

ஸ்டாக் பார்க்கிங் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. அந்த இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை கிலோ, எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். 2,000 கிலோ என்று இருந்தால் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் ஏற்றாதீர்கள். எக்ஸ்சி90-ஏ இரண்டு டன்னுக்கு மேல். ஜிஎல்எஸ், எக்ஸ்7, ரேஞ்ச் ரோவர் போன்றவை ஆளும் சாமானும் ஏறாத நிலையிலேயே இரண்டரை டன் அளவில் வரும். கீழ்த்தட்டில் நிற்பது இன்னொருவருடைய கார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திரும்பும் வட்டம் என்று ஒன்று உண்டு. அதையும் கேளுங்கள். இந்த அளவு வண்டிகளுக்கு அது 12, 13 மீட்டர் வரை போகும். ரேஞ்ச் ரோவரில் பின்சக்கரங்களும் 7 டிகிரி வரை திரும்பும் வசதி இருப்பதால், சாதாரண வீல்பேஸ் மாடல் 11 மீட்டருக்குள் திரும்பிவிடுகிறது. பின்சக்கரம் திரும்பும் வசதி வேறு வண்டியில் மேல் வேரியண்டில்தான் வருகிறது என்றால், நம் ராம்ப் போன்ற இடத்துக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

அளந்து பார்த்தபின் வண்டி அடங்காது என்று தெரிந்தால், அது நல்ல செய்திதான். ஒரு கோடி ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துவிட்டதே.

யார் உட்காரப் போகிறார்கள்

இரண்டாவது கேள்வி ஆட்கள். ஒரு தாளில் ஒரு சாதாரண மாதத்தை எழுதுங்கள். எத்தனை நாள் ஒருவர் மட்டும் ஆபீஸ் போகிறார், எத்தனை நாள் நாலு பேர், எத்தனை நாள் ஆறேழு பேர். வருஷத்தில் இரண்டு முறை ஊருக்குப் போவதற்காக மட்டும் மூன்றாவது வரிசை என்றால், அந்த இரண்டு முறையும் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கொண்டால் செலவு எவ்வளவு என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது வரிசை உண்மையிலேயே வேண்டும் என்றால், அங்கே உட்காரப் போகிறவரையே ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். நாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிவிட்டு வந்துவிடுகிறோம். வால்வோ தன் எக்ஸ்சி90-இன் கடைசி வரிசை 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு ஏற்றது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ்ஸில் 194 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்கூட உட்காரலாம் என்கிறது. இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் ஜிஎல்எஸ் கால் மீட்டர் நீளமாக இருப்பதன் காரணமும். கடைசி வரிசையின் சௌகரியமும் உங்கள் பார்க்கிங் கட்டமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எதை விட்டுக்கொடுப்பது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கியில் என்ன மிச்சம் என்று பாருங்கள். ஜிஎல்எஸ், எக்ஸ்7 போன்ற பெரிய வண்டிகளிலேயே சுமார் 300 முதல் 350 லிட்டர்தான் இருக்கும். அது ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் டிக்கி அளவு. ஏழு பேர் கல்யாணத்துக்குப் போகும் பெட்டிகள் அதில் அடங்காது. ஷோரூமுக்கு இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டே போங்கள். சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

நடுவரிசையில் தனித்தனி கேப்டன் சீட்டா, மூன்று பேர் உட்காரும் நீள சீட்டா என்பது அடுத்தது. கேப்டன் சீட் பெரியவர்களுக்கு வசதி. நடுவில் வழி இருப்பதால் பிள்ளைகள் சீட்டை மடக்காமலே பின்னால் போகலாம். ஆனால் ஓர் இடம் குறைகிறது. தினமும் மூன்று பேர் பின்னால் உட்காரும் வீடு என்றால், ஒருவர் தினமும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவார்.

வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் ஏறி இறங்குவதுதான் முதல் சோதனை. அம்மா புடவையோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறட்டும். கைப்பிடி எட்டுகிறதா, தலை இடிக்கிறதா, கால் வைக்க எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் வெளியே நின்று பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் ஏறும்போது தாழ்ந்துகொடுக்கும். ரேஞ்ச் ரோவர் ஐந்து சென்டிமீட்டர் வரை தாழும். முட்டி வலி உள்ளவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏர் சஸ்பென்ஷன் வயதாகும்போது செலவு வைக்கும். எட்டு பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர்கள், வாரண்டி முடிந்த பின் அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள். சேல்ஸ் பிரிவில் கேட்காதீர்கள்.

வண்டிக்கு வெளியே இருப்பவர்கள்

இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வண்டிகளின் பானெட் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு வயதுக் குழந்தையின் உயரமும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வண்டிக்கு முன்னால், மிக அருகில், அந்தக் குழந்தை நின்றால் டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு உச்சந்தலைகூடத் தெரியாது. பின்னால் இன்னும் மோசம். உட்கார்ந்து பந்து பொறுக்கும் குழந்தை, சாக்கடை மூடியைத் திறந்து வேலை பார்க்கும் பணியாளர், காரடியில் படுத்திருக்கும் நாய், யாரும் தெரிய மாட்டார்கள்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் அரை மீட்டர் உயரம். டெஸ்ட் டிரைவ் வண்டி நம் வளாகத்துக்கே வரட்டும். இப்போது வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வண்டியின் முன்னால் கேனை வைத்து, அது கண்ணுக்குத் தெரியும்வரை ஒருவர் தள்ளிக்கொண்டே போகட்டும். எத்தனை அடியில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னாலும் அப்படியே, முதலில் கண்ணாடியில் மட்டும் பார்த்து, அப்புறம் கேமராவில் பார்த்து. தினமும் வண்டியை எடுப்பது டிரைவர் என்றால் அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். அவர் உயரம் வேறு, உங்கள் உயரம் வேறு.

360 டிகிரி கேமரா, பின்னால் குறுக்கே யாராவது வந்தால் எச்சரிக்கும் வசதி, ரிவர்ஸில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி ஆகியவை எந்த வேரியண்டில் இருக்கின்றன என்று பாருங்கள். நம் வளாகம் போன்ற இடத்தில் வாழ்பவர்கள் வேரியண்டை உயர்த்த ஒரே ஒரு காரணம் வேண்டும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். அதே நேரம், கேமரா லென்ஸில் மழைத்துளியும் சேறும் ஒட்டும். கேமரா இருக்கிறது என்று வேகமாக எடுப்பதைவிட, வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்ப்பது மேல். டிரைவர் அண்ணன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

விபத்துச் சோதனையின் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்கள், ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்சி90 யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது 2015-இல். ரேஞ்ச் ரோவர் 2022-இல். சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கடுமையாகின்றன. ஆகவே வேறு வேறு ஆண்டுகளின் ஐந்து நட்சத்திரத்தை ஒன்றுபோல ஒப்பிடக் கூடாது.

வேரியண்ட் பெயர்களைப் படிப்பது எப்படி

இடமும் ஆட்களும் சரி என்றால் இப்போது வேரியண்டுக்கு வரலாம்.

பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜிஎல்எஸ் 450 என்றால் 4.5 லிட்டர் இன்ஜின் இல்லை, 3 லிட்டர்தான். எக்ஸ்7 எக்ஸ்டிரைவ்40ஐ என்பதும் 3 லிட்டர்தான். எண் என்பது அந்தக் கம்பெனி தன் வண்டிகளுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் வரிசை, அவ்வளவே. கடைசியில் ‘டி’ இருந்தால் டீசல். ‘4மேட்டிக்’, ‘எக்ஸ்டிரைவ்’ என்றால் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது.

‘எம் ஸ்போர்ட்’, ‘ஏஎம்ஜி லைன்’ என்பவை பெரும்பாலும் பம்பர், சக்கரம், ஸ்டியரிங், உள் அலங்காரம் பற்றியவை. பெயரைப் பார்த்து உண்மையான எம் அல்லது ஏஎம்ஜி வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஆடி க்யூ7-இல் ‘பிரீமியம் பிளஸ்’, அதற்கு மேல் ‘டெக்னாலஜி’. இரண்டுக்கும் இன்ஜின் ஒன்றே. ரேஞ்ச் ரோவரில் எஸ்இ, எச்எஸ்இ, ஆட்டோபயோகிராஃபி, எஸ்வி என்று ஏறிக்கொண்டே போகும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வேரியண்டை முடிவு செய்யாதீர்கள். அங்கே ஸ்டாண்டர்டாக வருவது இங்கே இல்லாமலும் போகலாம், மாறியும் வரலாம். இந்தியாவுக்கான பிரோஷரை வாங்கி, வேண்டிய வசதிகளின் பக்கத்தில் பேனாவால் குறி போடுங்கள். ‘ஆப்ஷனல்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இப்போது பணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது. ஜிஎஸ்டி எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து, 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். இது வேரியண்ட் வித்தியாசத்துக்கும் பொருந்தும். மேல் வேரியண்ட் பத்து லட்சம் அதிகம் என்று அவர்கள் சொன்னால், சாலை வரி இரண்டு லட்சம் கூடுகிறது. இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடுகிறது. கடன் வாங்கினால் அதற்கு வட்டியும் உண்டு. ஆக, பத்து லட்சம் என்பது பன்னிரண்டைத் தாண்டும். விற்கும்போது அந்தக் கூடுதல் பெரும்பாலும் திரும்பி வராது. பழைய வண்டி வாங்குபவர் ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும்தான் முதலில் பார்ப்பார்.

இதோடு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது செலவு இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்? என் அளவுகோல் ஒன்றுதான். பின்னால் சேர்க்க முடியாததற்குக் கொடுங்கள். சேர்க்க முடிவதற்குக் கொடுக்காதீர்கள்.

சேர்க்க முடியாதவை: ஏர்பேக்குகள், தானாக பிரேக் பிடிக்கும் வசதி, பின்சக்கர ஸ்டியரிங், ஏர் சஸ்பென்ஷன், காற்று வரும் சீட்டுகள், கடைசி வரிசைக்கான தனி ஏசி, வெப்பத்தையும் சத்தத்தையும் தடுக்கும் கண்ணாடி. சேர்க்கக் கூடியவை: டேஷ்கேம், பின்சீட் திரை, மேட், வாசலில் ஒளிரும் விளக்கு, சின்னச் சின்ன அலங்காரங்கள். அப்படிச் சேர்க்கும்போதும் ஒயரை வெட்டி இணைக்க விடாதீர்கள், வாரண்டிக்குச் சிக்கல் வரும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் கடையில் தைத்த சீட் கவரும் போடாதீர்கள்.

நம் ஊருக்கு என்ன தேவை

சென்னை வெயிலில் சீட்டிலிருந்து காற்று வருவது நிஜமான வசதி. சீட் சூடாவது நமக்கு எதற்கு? கறுப்பு லெதர் பார்க்க அழகு, மே மாதம் மதியம் உட்கார்ந்து பாருங்கள். பெரிய கண்ணாடிக் கூரை இருந்தால், உள்ளே முழுவதும் மூடும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பது விதி. ஆகவே வெப்பம் தடுக்கும் கண்ணாடி கம்பெனியிலிருந்தே வந்தால்தான் நிம்மதி.

மேல் வேரியண்டில் பெரும்பாலும் சக்கரமும் பெரிதாகும். 21, 22 அங்குலச் சக்கரம் போட்டோவில் நன்றாக இருக்கும். ஆனால் சக்கரம் பெரிதானால் டயரின் ரப்பர் உயரம் குறைகிறது. குழியில் விழும்போது அடி நேராக ரிம்முக்குப் போகிறது. ஒரு அங்குலம் சின்ன சக்கரம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு டயரின் விலையையும், ஸ்டெப்னி இருக்கிறதா, இருந்தால் முழு அளவா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததையும் நாம் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதையும் பார்த்தோம். ரேஞ்ச் ரோவர் 900 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது. அது ஓடும் வண்டிக்கு. பேஸ்மென்டில் நிற்கும் வண்டிக்கு எந்த எண்ணும் உதவாது. மழை அறிவிப்பு வந்தால் எந்த வண்டியானாலும் மேலே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரையும், வண்டி முழுதாகப் போனால் பில் விலையைத் தரும் கவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு இவற்றை விடுவது சிக்கனம் ஆகாது.

பெட்ரோலா டீசலா என்றால், உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. பள்ளி, கோயில், காய்கறிக்கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டமே அதிகம் என்றால் டீசல் வேண்டாம். இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடாகி நெடுஞ்சாலையில் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். மாதம் நான்கு முறை மதுரை, கோவை என்று போகிறவர்களுக்கு டீசல் பொருந்தும். மின்சார எஸ்யூவி என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் சார்ஜர் போட மின்சுமை போதுமா, ஒயர் எந்த வழியாக வரும், மீட்டர் யாருடையது என்பதை வண்டி புக் செய்யும் முன் சங்கத்திடம் பேசுங்கள்.

கையெழுத்துக்கு முன்

இன்னும் இரண்டு விஷயம். வண்டி எங்கே தயாராகிறது என்று கேளுங்கள். எக்ஸ்7 சிங்கப்பெருமாள் கோவில் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பொருத்தப்படுகிறது. ஜிஎல்எஸ் புனே அருகே சாக்கனில். எக்ஸ்சி90 பெங்களூர் அருகே ஹொசகோட்டையில். இங்கே பொருத்தப்படும் வண்டிக்கும் முழுதாக இறக்குமதியாகும் வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வரும். அதே கம்பெனியில் ஒரு வேரியண்ட் இங்கேயும் இன்னொன்று இறக்குமதியாகவும் இருக்கலாம். அடுத்தது, உற்பத்தியான மாதமும் ஆண்டும். ஜனவரியில் வாங்கும் வண்டி போன வருஷத் தயாரிப்பு என்றால் அதற்கேற்ற தள்ளுபடி கேளுங்கள். பணம் முழுதும் கட்டும் முன் யார்டுக்கே போய் வண்டியைப் பார்த்துவிடுங்கள்.

சங்கத்தின் சார்பில் மூன்று வேண்டுகோள். ஒன்று, ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டியை புக் செய்யும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பார்க்கிங் வரைபடம் அங்கே இருக்கிறது. மேலாளர் கூட வந்து அளந்து தருவார். ஓரக் கட்டம் வைத்திருப்பவரோடு பேசி மாற்றிக்கொள்ள வழியிருந்தால் இரு வீட்டாரும் எழுத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, டெஸ்ட் டிரைவ் வண்டியை ஒரு முறையாவது உங்கள் கட்டத்திலேயே நிறுத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அவர் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று, குழந்தைகள் விளையாடும் நேரத்தில் டிரைவ்வேயில் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். இது சின்ன வண்டிக்கும் உண்டு.

அளந்து பார்த்து, பெரியவர்களை ஏற்றிப் பார்த்து, தண்ணீர் கேன் சோதனையும் செய்த பிறகு, பெரிய வண்டிதான் வேண்டும் என்று முடிவுசெய்தால் சந்தோஷமாக வாங்குங்கள். உழைத்துச் சம்பாதித்த பணம், ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்த வேலைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். டேப் இல்லாதவர்கள் சங்க அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.